மனம் வராத நாளிலும் செபிப்பது எப்படி? துறவியரிடமிருந்து வன்னி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

"செபம் சொல்ல இருந்தால் மனம் நிக்குதில்லை மாஸ்டர்."

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது இந்தப் பேச்சை நான் கேட்காத மாதம் குறைவு. அநேகமாகத் தாய்மார் சொல்வார்கள். சில நேரம் கடலுக்குப் போகிறவர்கள், வெட்கத்தோடு, மெதுவாகச் சொல்வார்கள். "விசுவாசத்தோட சொல்லுங்கோ அக்கா, வரும்" என்பதுதான் பல வருடமாக நான் கொடுத்த பதில். கிணறு வற்றிக் கிடக்கிறது என்கிறவரிடம் வாளியைக் கொடுத்து அனுப்பிய மாதிரித்தான் அது.

துறவியர் இந்த இடத்தில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். மனம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. மனம் வராத நாள்தான் அதிகம் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ப ஓர் ஒழுங்கைக் கட்டினார்கள். 3ஆம் நூற்றாண்டின் கடைசியில் எகிப்துப் பாலைவனத்துக்குள் போன வனத்து அந்தோனியார் (நம் கரையோரக் கோயில்களில் குழந்தை இயேசுவோடு நிற்கும் பதுவை அந்தோனியார் வேறு, இவர் வேறு) முதல், 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் மடத்துக்கு 73 அதிகாரங்களில் ஒழுங்கு எழுதிய ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) வரை, அவர்கள் விட்டுப்போனதில் மடத்துக்கு வெளியேயும் செய்யக்கூடியவற்றை மட்டும் இங்கே தருகிறேன். ஒரு வேதாகமம் போதும். எல்லாவற்றையும் ஒரே கிழமையில் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு படிகளையும் ஒரு மாதம் செய்து பாருங்கள், அப்புறம் மற்றவை.

முதற்படி: நேரத்தைப் பிடியுங்கள்

ஆசீர்வாதப்பரின் மடத்தில் இரவில் ஒரு தடவையும் பகலில் ஏழு தடவையும் செபம். நமக்கு அது ஆகாது. நாள் ஒன்றுக்கு மூன்று வேளை எடுத்துக்கொள்ளுங்கள்: விடிய, மத்தியானம், படுக்கமுன். ஆனால் ஆறு மணி, பன்னிரண்டு மணி என்று மணிக்கூட்டில் கட்டாதீர்கள். ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு வேலையில் கட்டுங்கள். விடிய என்றால் கிணற்றடியில் முதல் வாளி அள்ளும்போது. மத்தியானம் என்றால் சோற்றுப்பானையை இறக்கியதும், அல்லது கோயில் மணி கேட்கிற தூரத்தில் இருந்தால் திரிகாலச் செப மணி அடிக்கும்போது. இரவு என்றால் பாயை விரித்தபின். வேலை வரும்போது செபமும் தானாக நினைவுக்கு வரும். இரண்டு கிழமையில் கை பழகிவிடும்.

ஒவ்வொரு வேளையும் ஐந்து நிமிடம் காணும். செபம் சுருக்கமாயும் தூய்மையாயும் இருக்கட்டும் என்று ஆசீர்வாதப்பரே எழுதியிருக்கிறார். நீட்டி முழக்குவது பக்தியின் அடையாளம் என்று நம் ஊரில் யார் பழக்கினார்களோ தெரியாது, துறவியர் பழக்கவில்லை.

வேளை தவறினால்? இரண்டு விஷயம் அவருடைய ஒழுங்கில் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒன்று, இரவுச் செபத்தின் தொடக்கத்தில் வரும் 95ஆம் திருப்பாடலை வேண்டுமென்றே இழுத்து, மெதுவாகச் சொல்லச் சொல்கிறார். பிந்தி வருகிறவன் அதற்குள் வந்து சேரட்டும் என்பதற்காக. மற்றது, தூரத்தில் வேலை செய்கிற சகோதரர்கள் கோயிலுக்கு ஓடிவர வேண்டாம், நிற்கிற இடத்திலேயே முழங்காலில் நின்று செபிக்கட்டும் என்கிறார். நெல் அருவி வெட்டு நேரம் வரம்பில் நிற்கிறவருக்கும் நடுக்கடலில் வள்ளத்தில் இருக்கிறவருக்கும் இதுவே அனுமதி. தவறிய வேளையை இரட்டிப்பாக்கிக் கடன் தீர்க்க வேண்டாம். அடுத்த வேளைக்குத் திரும்பி வந்தால் போதும்.

இரண்டாம் படி: இரவல் சொற்களால் செபியுங்கள்

களைத்த மனத்துக்குச் சொந்தச் சொல் வராது. ஆனபடியால் துறவியர் இரவல் வாங்கினார்கள். 150 திருப்பாடல்களையும் ஒரு கிழமைக்குள் சொல்லி முடிப்பது ஆசீர்வாதப்பரின் மடத்து ஒழுங்கு. நாம் ஒரு வசனத்தில் தொடங்குவோம்.

5ஆம் நூற்றாண்டில் எகிப்துத் துறவியரின் பழக்கங்களை மேற்குக்குக் கொண்டுபோன யோவான் காசியன், 70ஆம் திருப்பாடலின் முதல் வேண்டுதலை எந்த நிலையிலும் சொல்லிக்கொண்டே இருக்கும்படி சொல்லித் தருகிறார். கருத்து இதுதான்: இறைவா, எனக்குத் துணையாக வாரும்; ஆண்டவரே, உதவி செய்ய விரைந்து வாரும். பயம் வந்தாலும் இதுதான், கோபம் வந்தாலும் இதுதான், சாப்பிட இருந்தாலும் இதுதான். முதல் கிழமை மூன்று வேளையும் இந்த வசனத்தை மட்டும், மூன்று தடவை, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாம் கிழமை வேளைக்கு ஒரு திருப்பாடல் சேருங்கள். விடிய 63, மத்தியானம் 121, இரவுக்கு 4. பழைய செபப் புத்தகம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அதில் பல பாடல்களின் எண் ஒன்று குறைவாக இருக்கும். சொல்லும் முறையும் முக்கியம். மடங்களில் ஒவ்வொரு வசனத்தின் நடுவிலும் ஒரு மூச்சு அளவுக்கு நிறுத்துவார்கள். முதற்பாதி, மூச்சு, இரண்டாம் பாதி. நாம் செபமாலையை ஓட்டமாக ஓட்டிப் பழகியவர்கள், இந்த நிறுத்தம் தொடக்கத்தில் எரிச்சலாகத்தான் இருக்கும். விடாதீர்கள். இரண்டு பேராய் இருந்தால் ஆளுக்கொரு வசனமாக மாறி மாறிச் சொல்லலாம். பேரப்பிள்ளையும் அம்மம்மாவும் சொல்ல நல்லாய் வரும்.

மூன்றாம் படி: இடம்

வீட்டில் ஒரு மூலை. அவ்வளவுதான். ஆனாலும் இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் துறவியர் எடுக்கும் வாக்குகளில் ஒன்று 'நிலைத்திருத்தல்': சேர்ந்த மடத்தை விட்டுப் போகமாட்டேன் என்பது. உன் அறையில் இரு, அறை உனக்கு எல்லாவற்றையும் கற்றுத்தரும் என்றார் பாலைவனத்துத் துறவி மோசே (வேதாகமத்து மோசே வேறு). போரில் பத்துத் தரம் வீட்டை விட்டு ஓடிய நமக்கு இதை வாசித்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். கடைசியில் செட்டிகுளத்து முகாமின் கூடாரத்துக்குள் எந்த மூலை இருந்தது?

ஆனால் மடு மாதாவின் கதையைப் பாருங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து சனங்கள் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்த சுரூபம் அது. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மறுபடி தேவன்பிட்டிக்குத் தூக்கிப் போனார்கள், ஓகஸ்டில் திரும்பியது. மாதாவும் இடம்பெயர்ந்தவதான். சனம் போன இடமெல்லாம் அவவும் போனா. ஆகவே நிலைத்திருத்தல் என்பதை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்: இருக்கிற வீட்டில், அது வீட்டுத்திட்ட வீடோ தகரக் கொட்டிலோ, ஒரே மூலை, ஒரே பாய், ஒரே பக்கம் பார்த்து. இடம் மாறினால் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் அங்கே விரியுங்கள்.

நான்காம் படி: ஒரு வசனத்தை அசைபோடுங்கள்

கிழமையில் ஒரு நாள், இருபது நிமிடம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற கார்த்தூசியத் துறவி இதை நாலு படி ஏணியாக விளக்கினார்: வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், கடவுளில் இளைப்பாறுதல். வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் அதை மென்று நொறுக்குகிறது, மன்றாட்டு சுவையை எடுக்கிறது, கடைசிப்படி அந்தச் சுவையே என்பது அவர் கொடுத்த விளக்கம். பின்னேரம் குளக்கட்டில் படுத்து அசைபோடும் மாட்டைப் பார்த்த நமக்கு மேலதிக விளக்கம் தேவையில்லை.

ஒரு மாதிரி சொல்கிறேன். 126ஆம் திருப்பாடலில், கண்ணீரோடு விதைப்பவர்கள் அக்களிப்போடு அறுப்பார்கள் என்று வருகிறது. முதலில் முழுப்பாடலையும் இரண்டு தடவை வாசியுங்கள். ஏதாவது ஒரு சொல் காலில் முள்ளுத் தைத்த மாதிரி நிறுத்தும். எனக்கு 'விதைப்பவர்கள்' நிறுத்தியது. ஏன் கண்ணீரோடு விதைக்க வேண்டும்? விதைப்பு என்றால் மகிழ்ச்சியான வேலை அல்லவா? காலபோக விளைச்சல் பொய்த்த வருடத்தை நினைத்துப் பார்த்தேன். வீட்டில் மிஞ்சியிருப்பது விதைநெல் மட்டும். பிள்ளைகள் பசியோடு இருக்கும்போது, அவித்தால் சோறாகிற நெல்லைக் கொண்டுபோய்ச் சேற்றுக்குள் எறிகிறான். அதுதான் அழுகை. இந்த இடத்துக்கு வந்தபின் நான் ஒன்றும் 'தியானிக்க' வேண்டியிருக்கவில்லை. கடவுளே, என் வீட்டில் எது விதைநெல், எது சோறு என்று காட்டும் என்று கேட்டேன். பிறகு சும்மா இருந்தேன், ஐந்து நிமிடமாவது இருக்கும். உங்களுக்கு வேறு சொல் நிறுத்தும். ஒன்றுமே நிறுத்தாத நாளும் வரும், அன்று வாசித்துவிட்டு எழும்புங்கள்.

ஐந்தாம் படி: கையை வேலையில் வைத்திருங்கள்

வனத்து அந்தோனியாருக்கே செபிக்க முடியாத நாள் வந்தது. மனம் சோர்ந்து, நான் எப்படித் தப்புவேன் என்று கடவுளிடம் கேட்டாராம். வெளியே வந்து பார்த்தால் தன்னைப் போலவே ஒருவர் இருந்து வேலை செய்கிறார், எழும்பிச் செபிக்கிறார், திரும்ப இருந்து ஓலைக்கயிறு பின்னுகிறார், மறுபடி எழும்பிச் செபிக்கிறார். இப்படிச் செய், தப்புவாய் என்று குரல் கேட்டதாம். பாலைவனத் துறவியர் பேரீச்ச ஓலையில் கூடையும் பாயும் இழைத்து விற்றுத்தான் வயிறு கழுவினார்கள். சார்வோலையில் பெட்டி இழைக்கிற ஒருவர் நம் பக்கத்தில் இதைக் கேட்டால், இதில் என்ன புதினம் என்று கேட்பார்.

யாழ்ப்பாணத்துத் தோலகட்டி நெல்லிரசம் குடித்தவர்கள் வடக்கில் எத்தனையோ பேர். 1928இல் தோமஸ் சுவாமியார் அங்கே தொடங்கிய செபமாலைதாசர் சபையைப் பற்றி, ஒரு தமிழ்த் துறவு மடத்தைப் பற்றி, அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? செபமும் தோட்டவேலையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைப் பார்க்க நாம் இத்தாலிக்குப் போக வேண்டியதில்லை.

செய்யும் முறை: அலுப்பான, கை தானாகச் செய்கிற ஒரு வேலையைத் தெரிவுசெய்யுங்கள். வலை பொத்துவது, தேங்காய் துருவுவது, பயிற்றங்காய்க்குத் தண்ணீர் மாறுவது. அந்த வேலைக்குக் காசியனின் வசனத்தைக் கொடுங்கள். முடிந்ததும் கருவியைக் கழுவி இடத்தில் வையுங்கள். மடத்துப் பாத்திரங்களையும் தளபாடங்களையும் பீடத்துப் பாத்திரங்களைப் போல் பார்க்க வேண்டும் என்கிறது ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு. மண்வெட்டிக்கும் அது பொருந்தும்.

ஆறாம் படி: மத்தியானப் பேயை அடையாளம் காணுங்கள்

எவாக்ரியுஸ் என்ற துறவி, 399இல் இறந்தவர், இதை ஏதோ நம் பங்குனி வெயிலில் இருந்து எழுதிய மாதிரி எழுதியிருக்கிறார். காலை பத்து மணியளவில் வருமாம், பின்னேரம் இரண்டு மணி வரை விடாதாம். சூரியன் அசையாமல் நிற்கிற மாதிரி, நாளுக்கு ஐம்பது மணித்தியாலம் இருக்கிற மாதிரித் தோன்றும். துறவி யன்னலால் எட்டிப் பார்ப்பான், யாராவது வருகிறார்களா என்று. இந்த இடம் பிடிக்காது, இந்த வேலை பிடிக்காது, இங்கே அன்புள்ளவன் ஒருவனும் இல்லை என்று தோன்றும். நாம் இதை 'விசராக் கிடக்கு' என்போம். யன்னலுக்குப் பதில் இப்போது போன்.

மருந்து சின்னது: அந்த நேரத்தில் பெரிய முடிவு எதுவும் எடுக்க வேண்டாம். வெளிநாட்டுக்கு ஏஜென்சிக்குக் காசு கட்டுவது, காணியை விற்பது, சகோதரத்தோடு கதையை முறிப்பது, எல்லாவற்றையும் நாலு மணிக்குத் தள்ளுங்கள். மத்தியானச் செபத்தை அன்றைக்கு மட்டும் எழும்பி நின்று சொல்லுங்கள்.

ஏழாம் படி: துன்பத்தைப் பொய் சொல்லாமல் செபியுங்கள்

இங்கேதான் நாம் அதிகம் பிழை விடுகிறோம். செத்த வீட்டில் "ஆண்டவர் தாங்கக்கூடியவைக்குத்தான் குடுப்பார்" என்போம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் அவரோடு வாய் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

துறவியர் கண்ணீரைப் பலவீனமாக நினைக்கவில்லை. முதலில் கண்ணீர் என்ற கொடைக்காக மன்றாடு என்று எவாக்ரியுஸ் எழுதுகிறார். நமக்கும் அந்தச் சொத்து இருக்கிறது: தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் படிக்கும்போது கோயிலில் எழும் அழுகை கல்வாரிக்கு மட்டும் உரியதா? ஆனபடியால் முதல் விதி: அழுகை வந்தால் செபத்தை நிறுத்த வேண்டாம், அழுகையையும் நிறுத்த வேண்டாம்.

இரண்டாவது, வெள்ளிக்கிழமை இரவுக்கு 88ஆம் திருப்பாடல். திருச்சபையின் இரவுச் செபத்தில் வெள்ளிக்கு உரிய பாடல் அதுதான். மற்றப் புலம்பல்கள் கடைசியில் எங்கேயோ வெளிச்சத்துக்குத் திரும்பும். இது திரும்பாது. உறவும் நட்பும் தூரப்போய், இருளோடு முடிகிறது. கடவுளைக் குற்றம் சாட்டுகிற ஒரு பாடலைத் திருச்சபை நம் வாயில் வைத்துப் படுக்க அனுப்புகிறது. அதைச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது.

மூன்றாவது கடினமானது. 91ஆம் திருப்பாடல். உன் பக்கத்தில் ஆயிரம் பேர் வீழ்ந்தாலும் உன்னை ஒன்றும் அணுகாது என்று வருகிற பாடல். பதுங்குகுழிக்குள் நாங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது அதுதான். 2009க்குப் பிறகு ஒரு அக்கா என்னிடம் கேட்டா: "பக்கத்தில விழுந்தது என்ர பிள்ளை. அப்ப அந்தச் சங்கீதம் ஆருக்கு மாஸ்டர்?" நான் பதில் சொல்லவில்லை. பல வருடத்துக்குப் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். சுவிசேஷத்தில் இந்தப் பாடலை எடுத்துச் சொல்பவன் ஆர்? சாத்தான். கோயில் உச்சியில் இயேசுவை நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். இயேசு குதிக்கவில்லை. சிலுவையில் அவரைத் தாங்க ஒரு சம்மனசும் வரவில்லை. அந்தப் பாடலை உத்தரவாதப் பத்திரமாக வாசிக்கும் வாசிப்பு சாத்தானுடையது என்று அதற்குப் பின் விளங்கிக்கொண்டேன். ஆசீர்வாதப்பரின் மடத்தில் ஒவ்வோர் இரவும் இதைச் சேர்ந்து சொல்கிறார்கள், தனியே தனக்கென்று இல்லை. ஆகவே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: இன்றிரவு எங்கேயோ குண்டுக்குக் கீழே படுத்திருக்கும் ஒரு குடும்பத்துக்காக, அவர்கள் வாயாக. அந்த அக்காவுக்கு இது பதிலாகாது. அவ இப்போது 91ஐ விட்டுவிட்டு 88ஐச் சொல்கிறா. அதுவும் சரி.

இன்னொன்று. நித்திரை மாதக்கணக்கில் வராவிட்டால், சத்தம் கேட்டதும் உடம்பு நடுங்கி அந்த நாளுக்கே போய்விட்டால், சாகலாம் என்ற எண்ணம் வந்தால், செபத்தோடு நிறுத்தாதீர்கள். மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுத்துக் கதையுங்கள். நோயாளியைக் கவனிப்பது மற்ற எல்லாவற்றுக்கும் முன்னே நிற்க வேண்டும் என்பது ஆசீர்வாதப்பரின் சொல்.

மன்னிப்பு பற்றிச் சுருக்கமாக. மடத்தில் காலையிலும் மாலையிலும் மடத்துத் தலைவர், கர்த்தர் கற்பித்த செபத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். சேர்ந்து வாழும்போது முளைக்கிற முட்களுக்காக என்று காரணமும் எழுதியிருக்கிறது. அது ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களுக்கு, மாமிக்கும் மருமகளுக்கும், எல்லை வேலிக்கு அடிபடும் அண்ணன் தம்பிக்கும். நீதி கேட்கிறவர்களை வாயடைக்க அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை நான் ஏற்பதில்லை.

எட்டாம் படி: இரவும், வராதவர்களும்

படுக்கமுன் செபத்துக்கு ஆசீர்வாதப்பர் 4, 91, 134 என மூன்று பாடல்களைக் கொடுத்தார். ஒவ்வோர் இரவும் அதே மூன்று. மனப்பாடமாகிவிடும், விளக்கு வேண்டாம். 91 முடியாதவர்கள் மற்ற இரண்டோடும் நிறுத்தலாம்.

இனி, நம்பிக்கை. நற்செயல்களுக்கான கருவிகள் என்று ஆசீர்வாதப்பர் எழுபதுக்கு மேல் எண்ணிக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒன்றை வைக்கிறார்: கடவுளின் இரக்கத்தில் ஒருபோதும் நம்பிக்கை இழக்காதே. கருவிகளுள் ஒன்றாக, கோடரியும் உளியும் போல. நல்லது நடக்கும் என்று தோன்றினால்தான் எடுக்கலாம் என்று அதில் இல்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டத்தில் வந்து இருந்தார்களே, அவர்கள் எதையும் எதிர்வுகூறவில்லை. அடுத்த நாளும் வந்து இருந்தார்கள்.

ஆனால் அவர்களில் கத்தோலிக்கத் தாய்மாருக்கு ஒரு சிக்கல் உண்டு. கார்த்திகை (நவம்பர்) 2, இறந்தோர் நினைவு நாள். கோயிலில் பெயர்ப்பட்டியல் எழுதித் தரச் சொல்வார்கள். நான்தான் எங்கள் பங்கில் அதை எழுதுகிறவன். ஒரு வருடம் ஓர் அம்மா கணவரின் பெயரைச் சொன்னா, தாயின் பெயரைச் சொன்னா, பிறகு நிறுத்திவிட்டா. மகனின் பெயரை எழுதவா என்று நான் கேட்கவில்லை. எழுதினால் செத்தவன் என்று கையெழுத்து வைத்த மாதிரி. எழுதாவிட்டால் மறந்த மாதிரி. அவ எழும்பிப் போய்விட்டா.

ஆசீர்வாதப்பரின் 67ஆம் அதிகாரம் அதற்குப் பிறகுதான் என் கண்ணில் பட்டது. பயணம் போன சகோதரர்களைப் பற்றியது. ஒவ்வொரு செபவேளையின் கடைசி மன்றாட்டிலும், இங்கே இல்லாத எல்லோரையும் நினைவுகூர வேண்டும் என்கிறது. இருக்கிறார்களா, எப்போது வருவார்கள் என்று அந்த மன்றாட்டு கேட்பதில்லை. இல்லாதவர்கள், அவ்வளவுதான். இப்போது எங்கள் பங்கில் இரண்டு தாள் வைக்கிறோம். இரண்டாவதில் 'வராதவர்கள்' என்று தலைப்பு.

வீட்டில் செய்வது இப்படி: மூன்று பாடலும் முடிந்ததும் கொஞ்சம் நிறுத்துங்கள். 'இங்கே இல்லாத எங்களவர்களை நினைத்தருளும் ஆண்டவரே' என்று சொல்லுங்கள். பெயரைச் சொல்லுங்கள். 'ஆன்மா சாந்தியடைய' என்றோ 'சுகமாகத் திரும்பி வர' என்றோ பின்னால் ஒன்றும் சேர்க்க வேண்டாம். பெயர் மட்டும். இரண்டு பேரென்றால் இரண்டு பெயர். பிறகு படுங்கள்.